டிபன் பாக்ஸ் அளவு

இல்ல தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். இது சோத்து டப்பாதான், ஆனா உள்ள சோறு இல்ல. நீங்க கம்ப்யூட்டர் பை வச்சிருக்கீங்கல்லா, அதான் மதுரை ஆரப்பாளையத்துல ஏறுனதுல இருந்து உங்ககிட்ட கேக்கலாமா வேண்டாமான்னு பாத்துக்கிட்டே வாரேன். ஒரு பொருளைக் காட்டுதேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க.

இந்தா பாருங்க. பவர் சப்ளை. நானூத்தம்பது வாட். கார்டுக்குன்னு கேட்டு வாங்குனேன். லேப்டாப்புக்கு வெளிய வச்சு ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு இருக்குல்லா, அதுக்கு. வயரெல்லாம் தனியா இந்தப் பையில இருக்கு. கழத்தி மாட்டிக்கிடலாமாம்.

சரிதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒரு தடவை தப்பா வாங்கிட்டேன். அதான் கேக்கேன்.

சரியா. நல்லது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கோயம்புத்தூர் வரைக்கும் வாரீங்களா? நானும் அங்கதான். சிங்காநல்லூர்ல எறங்கணும். என் மருமக அங்க இருக்கா. இதைக் குடுத்துட்டு, கையோட கூட்டிட்டு வந்துருவேன். நாளைக்குச் சாயங்காலம் திரும்புறதுக்கு ரெண்டு சீட்டு போட்டாச்சு. ஜன்னலோரம் அவளுக்கு. அவளுக்குப் பஸ்ஸுல குமட்டும்.

எனக்குக் கோவில்பட்டி. இசக்கி சவுண்ட் சர்வீஸ்னா இன்னைக்கும் அங்க நாலு பேருக்குத் தெரியும். அந்த இசக்கி நாந்தான். படிப்பு அஞ்சாப்போட சரி. ஆனா காது நல்ல காது. கோயில் கொடைக்குப் பத்துக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தா, எந்தக் குழாய்ல யூனிட்டு போயிருக்குன்னு பந்தல்ல உக்காந்துகிட்டே சொல்லிருவேன். ஏறிப் பாத்தா அதுதான் போயிருக்கும்.

எங்க தொழில்ல ஒரு கணக்கு உண்டு தம்பி. ஆம்ப்ளிபயர் வாங்கப் போனா மூடியைக் கழத்திப் பாக்க எவனும் விட மாட்டான். அப்ப என்ன செய்வோம்? தூக்கிப் பாப்போம். கனமா இருந்தா உள்ள ட்ரான்ஸ்பார்மர் நல்ல ட்ரான்ஸ்பார்மர், செம்பு செம்பா சுத்தியிருக்கான்னு அர்த்தம். லேசா இருந்தா வச்சிட்டு வந்துருவோம். லேசான செட்டு ரெண்டாவது பாட்டுக்கே பொகைஞ்சிரும். கல்யாண வீட்டுல பொண்ணு எடுத்தவன் முன்னாடி நாமதான் தலையைக் குனிஞ்சு நிக்கணும். அதனால கனந்தான் கணக்கு. என் வயசுக்கு அந்தக் கணக்கு என்னைக் கைவிட்டது கெடையாது.

மருமக பேரு சங்கரி. சங்கரன்கோவில்ல எடுத்தோம். கட்டடப் படம் வரையப் படிச்சவ. கல்லு வைக்கிறதுக்கு முன்னாடியே வீட்டைக் கட்டி முடிச்ச மாதிரி கம்ப்யூட்டர்ல காட்டுவா. வாசல்ல நுழையலாம், மாடி ஏறலாம், ஜன்னல்ல வெயில் விழுறது வரைக்கும் தெரியும். அதை ஓட விட்டா லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். பக்கத்து அறையில இருந்து எனக்குக் கேக்கும், அந்தச் சின்னக் காத்தாடி ‘ஙொய்ய்’னு கத்துறது. ‘இது ரொம்ப நாள் தாங்காதும்மா’ன்னேன். ‘ஆமா மாமா, கார்டு வாங்கணும்’னா. அவ சம்பாத்தியத்துலயே வாங்கிட்டா. கார்டு வந்துச்சு, அதை உக்கார வைக்கிற தட்டு வந்துச்சு. கரண்டு குடுக்குற டப்பா மட்டுந்தான் பாக்கி.

என் மகன் கண்ணபிரான்கிட்டச் சொல்லியிருக்கா. ‘பாக்கலாம், பாக்கலாம்’னே தள்ளிக்கிட்டு இருந்தான். நான் ஒரு நா மதுரைக்கு ஹாரன் யூனிட்டு வாங்கப் பொறப்பட்டேன். சங்கரி ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டு வந்து நீட்டுனா. இந்த டப்பாதான் தம்பி, நீங்க இப்பப் பாத்தது.

‘மாமா, இதுல தயிர்சோறு இருக்கு. சாப்பிட்டுட்டு டப்பாவைக் கழுவித் தொடச்சிட்டு, கடையில வச்சுப் பாருங்க. இதுக்குள்ள அடங்குற பவர் சப்ளையா வேணும். கார்டு எரநூறு வாட் சொச்சம் குடிக்கும். நானூத்தம்பது இருந்தா தாராளம். பெருசு வேண்டாம் மாமா. எவ்வளவு நல்லதா இருந்தாலும் பெருசு வேண்டாம்.’

எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கா பாருங்க. ஊறுகாய் கூட வச்சிருந்தா.

ஏன் சின்னதுன்னு நான் கேக்கல. கேக்க என்ன இருக்கு? அவ ஒரு கருப்புப் பை வாங்கி, உள்ள பஞ்சு அட்டையைக் கத்தியால வெட்டிக்கிட்டு இருந்ததைப் பாத்திருக்கேன். லேப்டாப்புக்கு ஒரு குழி. கார்டுக்கும் தட்டுக்கும் ஒரு குழி. மூணாவதா ஒரு குழி, இந்த டப்பா அளவுக்கு, காலியா. அழகா வெட்டியிருந்தா. ‘எதுக்கும்மா இது?’ன்னு கேட்டிருக்கலாம். பொம்பளப் பிள்ளைங்க பையில என்ன வைக்குதுன்னு கேக்குறது முறை இல்லைல்லா.

மதுரையில கடைக்காரரு நல்ல மனுசன். கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சிக்கிட்டுப் பேசுவாரு. நாலஞ்சு டப்பாவை எடுத்து வச்சாரு. நான் ஒண்ணொண்ணாத் தூக்கிப் பாத்தேன்.

‘என்னங்கய்யா, தேங்காயா வாங்குறீங்க?’ன்னாரு.

‘கனம் பாக்கேன்.’

‘இதுல கனம் பாக்கக் கூடாதுங்கய்யா. உள்ள பழைய மாதிரி ட்ரான்ஸ்பார்மர் கெடையாது. இந்தச் சின்னது குடுக்குற கரண்டை உங்க காலத்து டப்பா மூணு சேந்தாலும் குடுக்காது.’

‘எல்லாக் கடைக்காரனும் லேசா இருக்கிறதை அப்படித்தான் சொல்லி விப்பான்’னேன்.

அவரு சிரிச்சிட்டாரு. சின்னதைக் கரண்டுல போட்டுக் காட்டுனாரு. அதுல சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காத்தாடி. கொசு காதுல கத்துற மாதிரி ஒரு சத்தம். பெருசைப் போட்டாரு. சத்தமே இல்ல, மூச்சு விடுற மாதிரி. எண்ணூத்தம்பது வாட். தூக்குனா கை எறங்குது. எனக்குப் பிடிச்சுப் போச்சு.

அப்ப அவரு ஒண்ணு கேட்டாரு. ‘வீட்டுல வச்சு ஓட்டவாய்யா, தூக்கிட்டுப் போகவா?’

நான், ‘வீட்டுலதான் இருக்கும்’னேன்.

டக்குனு சொல்லிட்டேன். டிபன் பாக்ஸ் அப்பப் பையிலதான் இருந்துச்சு. கழுவிட்டேன், தொடச்சிட்டேன். வெளிய எடுக்கல. எடுத்து வச்சிருந்தா அந்தப் பெருசு பக்கத்துல கூட வந்திருக்காது. கனத்தைப் பாத்துத்தான் வாங்குனேன் தம்பி. வேற ஒண்ணும் மனசுல இல்ல.

வீட்டுக்குக் கொண்டு வந்து குடுத்தேன். அவ ரெண்டு கையாலயும் வாங்குனா. வாங்குன கை கொஞ்சம் கீழ போச்சு. என் முகத்தைப் பாத்தா. ‘பரவால்ல மாமா’ன்னா. அவ்வளவுதான். பரவால்ல மாமா. ஏசியிருந்தா மாத்திட்டு வந்திருப்பேன்.

கண்ணபிரானுக்கு ஒரே சந்தோசம். ‘பாத்தியா, எங்கப்பா வாங்குனா இப்படித்தான்’னான். அவன் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. தட்டுல அந்த டப்பா உக்காரல, தட்டு சின்னது. நான் என்ன செஞ்சேன்? குழாய் கட்டுற இரும்புப் பட்டை கெடந்துச்சு. ரெண்டு பட்டையை வளைச்சு, டப்பாவை மேசையோட சேத்து முடுக்கிட்டேன். தட்டையும் பக்கத்துலயே முடுக்கிட்டேன். நான் முடுக்குனா லேசுல கழறாது தம்பி. தேர் வடம் பிடிக்கையில பக்கத்துல கட்டுன குழாயே ஆடுனது கெடையாது. சங்கரி தேத்தண்ணி டம்ளரைக் கையில வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னா. எனக்குத்தான் கொண்டு வந்தா. குடுக்க மறந்துட்டா.

ஆனா ஒண்ணு சொல்லணும். வேலை செஞ்சுச்சு. படம் பறந்துச்சு.

பெறவுதான் கோயம்புத்தூர்க்காரங்க பேசுனாங்க. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடமாம். ‘உங்க மெசினோட நேர்ல வாங்க, திங்கக்கெழமை பெரியவங்க முன்னாடி ஓட்டிக் காட்டுங்க, பிடிச்சிருந்தா வேலை உங்களுக்குத்தான்’னு சொல்லியிருக்காங்க. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில சங்கரி சொன்னா. ரசம் ஊத்திக்கிட்டே சொன்னா, முகத்தைக் காட்டாம.

கண்ணபிரான், ‘தாராளமாப் போ. மேசையைத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டுப் போ’ன்னான்.

நானும் சிரிச்சேன். பேச்சு நல்லாத்தான இருந்துச்சு. சிரிக்கிறதுக்கு என்ன, சிரிச்சேன்.

என் மகனைத் தப்பா நினைக்காதீங்க. நல்லவன். டீக்கடையில கேலி பண்றானுவ, ‘உன் பொண்டாட்டி ஊருக்கெல்லாம் மாடி வீடு கட்டுறா, நீ இன்னும் பந்தக்கால்ல வயர் சுத்துறே’ன்னு. எந்த ஆம்பளைக்கும் சுருக்குன்னு இருக்கும்லா. அவளை எங்கயும் அனுப்பப் பயம் அவனுக்கு. கோவம் வரும். கை நீட்ட மாட்டான். கை நீட்டுனா சத்தம் கேக்காதா? ஒரு சுவருதான் நடுவுல. எனக்குக் கேக்காமப் போகுமா?

அன்னைக்கு ராத்திரி பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு ஆம்ப்ளிபயர் ரிப்பேருக்கு வந்திருந்துச்சு. அதைப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல எர்த் சரியில்ல. எர்த் சரியில்லன்னா ‘ம்ம்ம்’னு ஒரு எரைச்சல் அடியில ஓடிக்கிட்டே இருக்கும். கல்யாண வீட்டுல அதைச் சரி பண்ண நேரம் இருக்காது. அப்ப நாங்க ஒண்ணு செய்வோம். பாட்டை ஏத்தி விட்டுருவோம். எரைச்சல் அங்கதான் இருக்கும், ஆனா யாருக்கும் கேக்காது. அன்னைக்கு அவங்க அறையில பேச்சுச் சத்தம் கூடிச்சு. புருசன் பொண்டாட்டி பேச்சை மாமனாரு காது குடுத்துக் கேக்குறது அசிங்கம். அதனால பாட்டை ஏத்தி விட்டேன். மரியாதைக்குத்தான் ஏத்துனேன்.

ரெண்டு பாட்டு ஓடுச்சு. மூணாவது பாட்டுல நடுவுல ஒரு இடத்துல இசை நிக்கும். அப்ப அந்தப் பக்கமும் சத்தமே இல்ல.

காலையில சங்கரி தோசை சுட்டா. இடது கையாலயே கரண்டியைப் பிடிச்சிச் சுட்டா. அவ சோத்தாங்கைக்காரி. மாவு வட்டமா வரல, கோணிக் கோணிப் போச்சு. வலது கையை முந்தானைக்குள்ள வச்சிருந்தா. நான் மூணு தோசை சாப்பிட்டேன். ‘ஏம்மா?’ன்னு ஒரு வார்த்தை, தம்பி. நாக்கு இருக்கு, வார்த்தையும் இருக்கு, கேக்கல. ‘சட்னியில உப்பு கொறச்சல்’னு சொன்னேன்.

மத்தியானம் பாத்தா ஆளைக் காணோம். கருப்புப் பையும் இல்ல. மேசைக்குப் போய்ப் பாத்தேன். கார்டைக் கழத்திட்டா. தட்டையும் எப்படியோ கழத்திட்டா. அந்தக் கனத்த டப்பா மட்டும் பட்டைக்குள்ள உக்காந்திருக்கு. திருகாணி தலையில பூராவும் கீறல். வீட்டுக் கத்தியை வச்சுத் திருகியிருக்கா. கழறல. இடது கையால எப்படிக் கழறும்? நான் முடுக்குனது.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

கண்ணபிரான் வாசல்ல உக்காந்திருந்தான். ‘கரண்டு இல்லாம கார்டு ஓடாது. திங்கக்கெழமை ஆனா தானா வந்துருவா’ன்னான். எனக்கும் அது நல்லதாத்தான் பட்டுச்சு. வந்துட்டா வீடு பழையபடி ஆயிரும்லா. அப்ப என் வீட்டுக்காரி பேச்சியம்மா ஒரு சொல்லு சொன்னா. அவ அதிகம் பேச மாட்டா. ‘ஊருக்கெல்லாம் எந்தக் குழாய் பழுதுன்னு சொல்லுற காது, வீட்டுக்குள்ள வந்தா செவுடு’ன்னா. சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா.

அவகிட்ட சங்கரி தெனமும் பேசுறா. ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்காளாம். கையில கட்டுப் போட்டிருக்காளாம். அதை எங்கிட்ட ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னா. கோயம்புத்தூர்ல கடை இல்லாமயா இருக்கு, அவளே வாங்கிக்கிட மாட்டாளான்னு கேட்டேன். ‘வீட்டை விட்டுப் போனவ கையில என்ன இருக்கும்னு நினைக்கீங்க?’ன்னா.

இன்னைக்குக் காலையில பொறப்படும்போது மகன்கிட்ட ஹாரன் யூனிட்டு மாத்தப் போறேன்னு சொன்னேன். என் வயசுக்கு மகன்கிட்டப் பொய். பேச்சியம்மா டிபன் பாக்ஸைக் கொண்டு வந்து குடுத்தா. ‘என்ன சோறு?’ன்னு தொறந்தேன். வெறும் டப்பா. கழுவித் தொடச்சிருந்துச்சு. ‘அளவுக்கு’ன்னா.

‘நாளைக்குக் கூட்டிட்டு வந்துருதேன்’னு சொன்னேன். ரெண்டு சீட்டு போட்டதைக் காட்டுனேன். அவ அதைப் பாக்கவே இல்ல.

கடைக்காரரு என்னைப் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டாரு. ‘என்னங்கய்யா, தேங்காய் அழுகிப் போச்சா?’ன்னாரு. நான் டிபன் பாக்ஸை எடுத்து மேசையில வச்சேன். அவரு கண்ணாடியை எறக்கிப் பாத்தாரு.

ரெண்டு சின்னது எடுத்து வச்சாரு. ஒண்ணு நீளவாக்குல, செங்கலைப் பாதியா அறுத்த மாதிரி. அதுதான் அன்னைக்குக் கொசுச் சத்தம் போட்டது. பெரியவங்க கூடியிருக்கிற எடத்துல, அவ பேசுற நேரத்துல, அது பக்கத்துல கத்திக்கிட்டே இருக்கும். அவ மெதுவாப் பேசுறவ. இன்னொண்ணு கொஞ்சம் சதுரம், காத்தாடி பெருசு. ரெண்டையும் ஓடுற கார்டுல மாட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். சதுரம் நல்லா இருந்துச்சு. பொறுமையான சத்தம். ஆனா டப்பாவுக்குள்ள அடங்கல, வயரு முட்டுச்சு. ‘வயரைக் கழத்திரலாம்யா’ன்னு ஒவ்வொண்ணா உருவுனாரு. வச்சேன். மூடியைப் போட்டேன். மூடிச்சு.

தூக்கிப் பாத்தேன். பழக்கம் விடுமா? லேசாத்தான் இருந்துச்சு.

பில்லு போடும்போது அவரு சும்மா கேக்குற மாதிரி கேட்டாரு. ‘இதாவது வீட்டுல இருக்குமா, தூக்கிட்டுப் போகவா?’

‘தூக்கிட்டுப் போக’ன்னேன்.

அதைச் சொல்லிட்டு வந்துதான் இந்த வண்டியில ஏறுனேன். எங்க இருக்கோம்? பல்லடம் தாண்டியாச்சா? அப்ப வந்துருச்சு. காட்டி முடிச்சா வேலை முடிஞ்சிரும்லா தம்பி? நாளைக்குக் காலையில காட்டுவா, சாயங்காலம் பஸ்ஸு. நான் அந்தப் பட்டையை எல்லாம் கழத்திருவேன். கண்ணபிரான்கிட்ட நான் பேசுதேன். வீட்டுக்கு வந்தா எல்லாம் சரியாயிரும்னு அவகிட்ட என்ன சொல்லித் தொடங்கணும்னுதான் மதுரையில இருந்து யோசிச்சிக்கிட்டே வாரேன்.

ஒரு நிமிசம். போனு அடிக்குது. அவதான்.

சொல்லும்மா. ஆமா, பல்லடம் தாண்டி நேரமாச்சு. இல்ல, சின்னதுதாம்மா. டிபன் பாக்ஸுக்குள்ளதான் இருக்கு. மூடி மூடுது. ஆமா, நானூத்தம்பது. வயரு தனியா இருக்கு, எட்டு பின்னு வயரான்னு கேட்டு வாங்குனேன். பக்கத்துல படிச்ச தம்பி ஒருத்தரு இருக்காரு, அவரும் சரின்னுட்டாரு. சாப்பிட்டேம்மா. யாரு? இல்லம்மா. இல்ல, அவன் வரல. அவனுக்குத் தெரியாது. நான் மட்டுந்தான்.

ம். சரிம்மா. நீ அங்கயே நில்லு, வெயில்ல நிக்காத.

வச்சிட்டா.

அவன் வரலன்னு சொன்னேன்லா, அப்ப ஒரு மூச்சு விட்டா தம்பி. போனுலதான். சின்ன மூச்சு. உங்களுக்கெல்லாம் கேட்டிருக்காது. அவ்வளவு நேரம் அதைப் பிடிச்சு வச்சிக்கிட்டுத்தான் வாட்டு, வயருன்னு என்னென்னமோ கேட்டிருக்கா.

எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

அந்தா சிங்காநல்லூருக்குத் திரும்பிட்டான். இந்த வயர்ப் பையைக் கொஞ்சம் பிடிங்க, நான் எழும்பிக்கிடுதேன். டப்பா எங்கிட்டயே இருக்கட்டும்.

தம்பி, நீங்க ஊருக்கு எப்பத் திரும்புறீங்க? நாளைக்குச் சாயங்காலமா இருந்தா சொல்லுங்க. எங்கிட்ட ஒரு சீட்டு இருக்கு. ஜன்னலோரம்.